“ஏகார் – 500 கிராம்” என்ற ஒற்றை வரி போதாது: கிழக்கின் விஞ்ஞான ஆய்வுகூடங்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வலயக் கல்விப் பணிமனைகளில் விஞ்ஞான பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர்கள், ஆசிரிய ஆலோசகர்கள், அதிபர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினர்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பாடசாலை ஆய்வுகூடங்களுக்கான கொள்வனவுப் பட்டியலில் “ஏகார் – 500 கிராம்” என்று ஒரு வரி இருக்கும். ஏகார் என்பது நுண்ணங்கி வளர்க்கும் கிண்ணங்களில் நீரை உறையவைக்கும் கடற்பாசித் தூள். எந்த ஏகார், எந்தப் பரிசோதனைக்கு, எத்தனை மாணவருக்கு என்று அந்த வரி சொல்லாது. விலைமனுவில் குறைந்த விலை போட்டவர் தன் கையில் இருப்பதைத் தருவார். ஒரு முறை வெறும் ஏகார் வரும், இன்னொரு முறை நுண்ணங்கிக்கு உணவு கலந்த போசணை ஏகார் வரும், வேறொரு முறை பலகாரம் செய்யும் ஜெலித் தூள்கூட வந்து சேரும். மூன்றும் வெள்ளையோ மஞ்சளோ ஆன தூள்தான். பெட்டியைத் திறந்து பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. உயர்தர உயிரியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் மாணவர்கள் பெத்திரிக் கிண்ணத்தில் வளர்ச்சியே இல்லாமலோ, தேவையில்லாதது எல்லாம் வளர்ந்தோ பார்த்து ஏமாறுவதற்கு இந்த ஒரு வரியே பெரும்பாலும் காரணம். இதை எழுதுகிற நாங்கள் நுண்ணங்கி வளர்க்கும் இந்த ஊடகங்களைக் காய்ச்சி ஊற்றுகிறவர்கள். பட்டியலை எழுதும் கைக்கு உதவும் என்ற எண்ணத்தில் விபரமாகவே எழுதுகிறோம்.

முதலில் அளவு. போசணை ஏகார் தூள் ஒரு லீற்றருக்கு 28 கிராம் போகும். 500 கிராம் போத்தலில் 17 லீற்றருக்கு மேல் காய்ச்சலாம். 90 மில்லிமீற்றர் கிண்ணம் ஒன்றுக்கு 18 மில்லிலீற்றர் என்று கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 990 கிண்ணங்கள். ஆண்டுக்கு 60 கிண்ணம் ஊற்றும் பாடசாலைக்கு அது 16 வருடச் சரக்கு. ஆனால் போத்தலின் காலாவதித் திகதி சில வருடங்களே. அதற்கு முன்பே நம் மாரி அதை முடித்துவிடும். பெப்டோனும் (புரதத்தை உடைத்துப் பெறுவது) ஈஸ்ட் சாறும் கலந்த தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு மூன்று முறை திறந்து மூடிய போத்தல் தை மாதம் கல்லாகி நிற்கும். கட்டிபட்ட போசணை ஏகாரை உடைத்துப் பயன்படுத்தக் கூடாது. நிறை பிழைக்கும், உள்ளே ஏற்கெனவே நுண்ணங்கி வேலை செய்திருக்கலாம், நிறம் கறுத்து வரும். ஆகவே 100 கிராம் போத்தல்களாக வாங்குங்கள். கிராமுக்குக் கிராம் விலை கூடத்தான் செய்யும். ஆனால் 400 கிராமை எறிவதைவிட அது மலிவு.

அடுத்தது வகை. வெறும் ஏகார் என்பது செங்கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் ஒரு பல்சக்கரைட்டு. அதில் பற்றீரியாவுக்கு உணவு ஏதும் இல்லை. உறையச் செய்வது மட்டுமே அதன் வேலை. லீற்றருக்கு 15 கிராம் போதும். போசணை ஏகார் என்பது அந்த 15 கிராமோடு பெப்டோன் 5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 3 கிராம், உப்பு 5 கிராம் சேர்ந்து 28 கிராம் ஆனது. சில கம்பனிகள் இறைச்சிச் சாற்றில் பாதியை ஈஸ்ட் சாறாக மாற்றும். இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். போசணை ஏகாரை வெறும் ஏகார் என்று நினைத்து லீற்றருக்கு 15 கிராம் போட்டால் உள்ளே வரும் ஏகார் 8 கிராம்தான். கிண்ணம் கஞ்சிபோலத் தளும்பும், நுண்ணங்கியைப் பூசும் கம்பியான தடம் பட்ட இடமெல்லாம் கிழியும். வெறும் ஏகாரைப் போசணை ஏகார் என்று நினைத்து 28 கிராம் போட்டால் இறப்பர் போன்ற கிண்ணம் கிடைக்கும், ஒரு பற்றீரியாக் கூட்டமும் வளராது. பிள்ளைகள் தாங்கள் பிழை விட்டதாக எழுதிக்கொண்டு போவார்கள்.

மாட்டிறைச்சிச் சாறு என்றதும் சில பாடசாலைகளில் கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. அதற்குத் தட்டெண்ணிக்கை ஏகார் என்ற ஊடகம் இருக்கிறது: பாற்புரதத்திலிருந்து வந்த பெப்டோன் 5 கிராம், ஈஸ்ட் சாறு 2.5, குளுக்கோசு 1, ஏகார் 15, மொத்தம் லீற்றருக்கு 23.5 கிராம். பொதுவான பற்றீரியாக்களுக்கு அது போதும். இறைச்சிச் சாறு அதில் சேராது.

இனிக் கடற்பாசி. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறைக் கடைகளில் நோன்பு காலத்தில் கட்டுக்கட்டாக விற்கும் கடற்பாசி ஏகார்தான். அதை ஆய்வுகூடத்துக்குள் எடுக்கக் கூடாது என்று சொல்லவே மாட்டோம். எடுக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. பினோத்தலீனும் சிறிது காரமும் கலந்த கட்டிகளை 1, 2, 3 சென்ரிமீற்றர் கனவுருக்களாக வெட்டி ஐதான அமிலத்தில் போட்டு மேற்பரப்புக்கும் கனவளவுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுவது, பொற்றாசியம் பரமங்கனேற்றுப் பளிங்கை நடுவில் வைத்து ஊதா நிறம் பரவுவதைப் பார்ப்பது, மின்கலத்துக்கு உப்புப் பாலம் செய்வது, பயறு முளைகளின் வேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பது, மாப்பொருள் கிண்ணத்தில் அமிலேசு சோதிப்பது ஆகிய எதற்கும் விலை கூடிய பற்றீரியாவியல் தர ஏகார் தேவையில்லை. வெட்டும் கட்டிக்கு 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், உப்புப் பாலத்துக்கு 3 கிராம், முளைக்கு 0.8 கிராம். பற்றீரியாவியல் ஏகாரை இவற்றில் கொட்டித் தீர்த்துவிட்டு, நுண்ணங்கிப் பாடம் வரும்போது போத்தல் காலி என்று நிற்பது வீண்.

ஆனால் கடையில் வாங்கும் பொதியின் உறையை வாசிக்க வேண்டும். “ஜெலி” என்று விற்பனைக்கு இருப்பவற்றில் பல ஜெலற்றின். சிலவற்றில் கராஜீனன், சோளமா, சீனி, நிறம், வாசனை எல்லாம் சேர்ந்திருக்கும். சந்தேகமானால் மூன்று சோதனைகள் செய்யலாம். உறைந்த துண்டொன்றை 50 பாகை செல்சியஸ் சுடுநீரில் பத்து நிமிடம் விடுங்கள்: ஜெலற்றின் கரைந்துபோகும், ஏகார் அப்படியே நிற்கும். ஏகார் உறைவது 32 முதல் 40 பாகைக்குள், திரும்ப உருகுவது 85 பாகைக்கு மேல். அடுத்தது, 0.1 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் நீரில் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டு ஒரு துளி அயடீன் கரைசல் விடுங்கள்; நீலம் வந்தால் மா கலந்திருக்கிறது. ஆறாத கரைசலில் செய்தால் மா இருந்தாலும் நீலம் தெரியாது. மூன்றாவது, 1.5 கிராமை 100 மில்லிலீற்றரில் காய்ச்சி ஒரு சோசரில் மூன்று மில்லிமீற்றர் கனத்துக்கு ஊற்றி இரண்டு மணித்தியாலம் விடுங்கள். கவிழ்த்தால் வழுக்கக் கூடாது, தடத்தின் வளையத்தை மெதுவாக இழுத்தால் கிழியக் கூடாது, அடியில் வைத்த பத்திரிகையின் எழுத்து அதனூடாக வாசிக்கப்பட வேண்டும். தளர்வாக இருந்தால் 2 கிராமாகக் கூட்டிப் பாருங்கள். நீளக் கீற்றாக விற்கும் கடற்பாசி பெரும்பாலும் 2 கிராம் கேட்கும். கலங்கலாக இருந்தால் அது கட்டி வெட்டும் பரிசோதனைக்கு மட்டும்.

ஜெலற்றின் ஏன் வேண்டாம் என்பதை நம் ஊர் வெயிலே சொல்லும். 1880களின் தொடக்கத்தில் ஜேர்மனிய நுண்ணங்கியியலாளர் ரொபேர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வோல்தர் ஹெஸ்ஸெக்கும் இதே தொல்லைதான். கோடை வெக்கையில் ஜெலற்றின் உருகிவிடும், பற்றீரியாக்கள் சிலவும் அதைக் கரைத்துவிடும். பழப்பாகுக்கும் ஜெலிக்கும் ஏகார் போட்டுப் பழகிய அவருடைய மனைவி பனி ஹெஸ்ஸெ 1881 இல் அதைச் சொல்லிக் கொடுத்தார். யாவாவில் இருந்து வந்த டச்சுக் குடும்பமொன்றிடம் அவர் அதை அறிந்திருந்தார். பெத்திரியின் கிண்ணம் வந்தது அதற்குப் பின்னர், 1887 இல். சமையலறையிலிருந்து ஆய்வுகூடத்துக்கு வந்த பொருள் இது என்பதை வகுப்பில் சொன்னால், கடற்பாசி காய்ச்சும் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பற்றீரியாவியல் தர ஏகார் கேட்கும்போது பட்டியலில் இப்படி எழுதும்படி வேண்டுகிறோம்: “வெறும் ஏகார் தூள், பற்றீரியாவியல் தரம், 1.5 சதவீதத்தில் ஜெல் வலிமை சதுர சென்ரிமீற்றருக்கு 600 கிராமுக்குக் குறையாதது, 100 கிராம் போத்தல், ஒப்படைக்கும் நாளிலிருந்து குறைந்தது இரண்டு வருட ஆயுள், தரச் சான்றிதழுடன்.” போசணை ஏகாரை வேறு வரியில், அதன் பெயரோடும் லீற்றருக்கான கிராமோடும் எழுதுங்கள். ஏகரோசு என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது டீ.என்.ஏ. பிரிப்புக்கானது, விலை பல மடங்கு. குருதி ஏகார், மக்கொங்கி ஏகார் போன்றவை பட்டியலிலேயே வேண்டாம். நோய்க்கிருமிகளை வளர்க்கவும் பிரித்தறியவும் வைத்தியசாலைகள் பயன்படுத்தும் ஊடகங்கள் அவை.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரக் கிணற்று நீரில் உப்பும் வன்மையும் கூட. அதில் காய்ச்சினால் ஊடகம் கலங்கி அடியில் வீழ்படிவு நிற்கும், பீ.எச். பிசகும். காய்ச்சி வடித்த நீர் இல்லாவிட்டால் எரிபொருள் நிலையங்களில் விற்கும் பற்றரித் தண்ணீர் போதும். பற்றரி அமிலமும் அதே தட்டில் இருக்கும் என்பதால் ஆசிரியரே போய் உறையை வாசித்து வாங்கட்டும், மாணவனை அனுப்ப வேண்டாம்.

காய்ச்சும் முறைக்கு வருவோம். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைப் பத்துக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு இரண்டு கிண்ணம், எதுவும் இடாத கட்டுப்பாட்டுக் கிண்ணம் நான்கு என்று எடுத்தால் 24 கிண்ணம். 24 ஐ 18 ஆல் பெருக்கினால் 432. சிந்துவதற்கும் ஒட்டுவதற்கும் சேர்த்து 500 மில்லிலீற்றர் காய்ச்சலாம். போசணை ஏகார் 14 கிராம். முக்கோல் தராசே போதும். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், தூளின் நுணுக்கத்தைப் பொறுத்து ஒரு கரண்டியின் நிறை மாறிக்கொண்டே இருக்கும்.

தூளைக் குளிர்ந்த நீரில்தான் தூவ வேண்டும். கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியும் வெளியே பசையாகி உள்ளே உலர்ந்த தூளாக நின்றுவிடும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, இடைவிடாமல் கிண்டியபடி மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் பொங்கும். பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடியில் புள்ளியோ நூல்போன்ற கோடுகளோ தெரியாமல் வரும்வரை காய்ச்ச வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் விளைவு ஊற்றும்போதுதான் தெரியும்: முதல் ஊற்றிய கிண்ணங்கள் கூழாகவும், கடைசி இரண்டு கல்லாகவும் வரும். கரையாத ஏகார் அடியில் தங்கியதே காரணம். கிருமியழித்து எடுத்த பிறகும் குடுவையை நுரை எழாமல் மெதுவாகச் சுழற்றிக் கலக்கியே ஊற்ற வேண்டும்.

கரைந்ததை 250 மில்லிலீற்றர் கூம்புக்குடுவைகளில் 120 மில்லிலீற்றர் அளவில் பிரித்து, வாயைப் பஞ்சால் அடைத்து, மேலே அலுமினியத் தாள் கட்டுங்கள். திருகுமூடிப் போத்தலானால் மூடியை அரைச் சுற்று தளர்த்தி வைக்க வேண்டும், இறுக்கினால் வெடிக்கும். அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் ஓட்டோகிளேவ் இல்லாத பாடசாலைக்குப் பிரஷர் குக்கரே போதும். சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில் இயங்குவதா என்று அதனுடன் வரும் கைநூலில் பாருங்கள். கடல்மட்டத்தில் இருக்கிற நமக்கு அந்த அமுக்கம் 121 பாகையைத் தரும். அடியில் தாங்கி, மூன்று சென்ரிமீற்றர் நீர். மூடிய பின் நிறையைப் போடாமல் ஐந்து நிமிடம் நீராவி பலமாக வெளியேற விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அமுக்கம் சரியாக இருந்தும் வெப்பநிலை குறைவாகவே இருக்கும். பிறகு நிறையைப் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அங்கிருந்து 20 நிமிடம் எண்ணுங்கள். அணைத்த பின் அமுக்கம் தானாக இறங்கட்டும். அவசரத்துக்கு விசிலைத் தூக்கிவிட்டால் குடுவைக்குள் ஏகார் ஒரே கணத்தில் கொதித்தெழுந்து பஞ்சைத் தள்ளிக்கொண்டு வரும். உருகிய ஏகார் தோலில் ஒட்டும்; சுடுநீர்க் காயத்தைவிட மோசமான காயம் அது.

குக்கரும் இல்லையென்றால் இடியப்பப் பானை இருக்கிறது. நீராவியில் 30 நிமிடம் வீதம் அடுத்தடுத்து மூன்று நாள். இடையில் அறை வெப்பநிலையில் விட வேண்டும், பிரிட்ஜில் வைக்கக் கூடாது. முதல் நாள் தப்பிய வித்திகள் (பற்றீரியாவின் வெப்பம் தாங்கும் உறங்குநிலை) இரவில் முளைக்கும், மறுநாள் நீராவியில் சாகும். ஒரே தடவை கொதிக்கவைத்தது கிருமியழித்தல் ஆகாது. பசிலசு வித்திகள் 100 பாகையைத் தாங்கும். உருளைக்கிழங்கின் தோலில் அவை நிறையவே இருக்கும்.

உருளைக்கிழங்கு என்றதால் பங்கசுக்கான ஊடகத்தையும் சொல்லிவிடுகிறோம். அதைக் கடையில் வாங்கவே தேவையில்லை. தோல் சீவிய கிழங்கு 200 கிராமைச் சிறு துண்டாக்கி ஒரு லீற்றர் நீரில் அரை மணித்தியாலம் அவித்து, மசிக்காமல் துணியில் வடித்து, குறைந்த நீரைச் சேர்த்து மீண்டும் ஒரு லீற்றர் ஆக்கி, குளுக்கோசு 20 கிராமும் ஏகார் 15 கிராமும் சேர்த்தால் முடிந்தது. குளுக்கோசு இல்லாவிட்டால் சீனி. இங்கே பலர் விடும் பிழை, பற்றீரியாவைத் தடுக்கத் தேசிக்காய்ச் சாற்றைக் காய்ச்சும்போதே விடுவது. அமிலத்தில் கொதித்த ஏகாரின் சங்கிலிகள் அறுந்துபோகும், பிறகு அது உறையவே உறையாது. அன்னாசியும் தக்காளியும் போட்டுக் காய்ச்சிய ஊடகம் தண்ணீராக நிற்பதும் இதனால்தான். அமிலம் வேண்டுமானால் கிருமியழித்த பிறகு, 50 பாகைக்கு ஆறியதும், ஊற்றுவதற்குச் சற்று முன் விட வேண்டும். அதன் பின் மீளச் சூடாக்கக் கூடாது.

போசணை ஏகாருக்குப் பதிலாகச் சூப் கட்டி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், லீற்றருக்கு 10 கிராம் கட்டி ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதில் பாதியளவு உப்பு. கூடினால் பற்றீரியா வளர்வது குறையும். கொழுப்பை ஆறவிட்டு எடுத்துத் துணியில் வடித்த பிறகே ஏகாரைச் சேருங்கள்.

ஊற்றுவது காலை ஆறரை மணிக்கு, பிள்ளைகள் வருமுன். யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். வெக்கையில் கஷ்டந்தான், ஆனால் சுழலும் விசிறிக்குக் கீழே ஊற்றிய கிண்ணத்தில் மறுநாள் பங்கசுத் தோட்டம் இருக்கும், பிறகு எந்த முடிவையும் நம்ப முடியாது. மேசையை 70 சதவீத மதுசாரத்தால் துடைத்து, அது முழுதாக உலர்ந்த பின், போத்தலை மூடித் தூரத்தே வைத்துவிட்டே பன்சன் சுடரையோ மதுசார விளக்கையோ ஏற்றுங்கள். குடுவை 45 முதல் 50 பாகைக்கு ஆற வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் உள்ளங்கையில் வைத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க முடிந்தால் சரி. அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர்த்துளி திரண்டு விழுந்து கூட்டங்களை ஒன்றோடொன்று பரப்பிவிடும். ஆறவிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தால் கட்டிகட்டியாக விழும். 50 பாகை நீர் உள்ள பேசினில் குடுவையை வைத்திருப்பது இரண்டுக்கும் மருந்து.

குடுவையின் வாயைச் சுடரில் ஒரு முறை காட்டி, கிண்ணத்தின் மூடியை ஒரு பக்கம் மட்டும் உயர்த்தி 18 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். அது மூன்று மில்லிமீற்றர் கனம். சிக்கனம் என்று 10 மில்லிலீற்றர் ஊற்றினால் மூன்றாம் நாள் காய்ந்து வெடிக்கும். உறைந்த பின் கவிழ்த்து ஓரிரவு அலுமாரிக்குள் விட்டால் மேற்பரப்பு ஈரம் போகும். உடனே தேவையில்லாதவற்றைக் கவிழ்த்தபடியே பொலித்தீன் பையில் கட்டிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று கிழமை இருக்கும். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், ஒரு முறை பனியான ஏகார் நீரைக் கக்கிப் பஞ்சாகிவிடும். ஆசிரியர் ஓய்வறையில் பால், மோர் வைக்கும் பிரிட்ஜ் இதற்கு ஆகாது.

பிழையைக் கண்டுபிடிக்கக் கட்டுப்பாட்டுக் கிண்ணத்தைப் பாருங்கள். கூட்டங்கள் ஏகாருக்குள் புதைந்து வளர்ந்திருந்தால் கிருமியழித்தல் போதவில்லை. மேற்பரப்பில் மட்டும் என்றால் ஊற்றும்போது காற்றிலிருந்து விழுந்தவை. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரிந்துவிடும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து எல்லாவற்றிலும் முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். எதை வளர்ப்பது என்ற கேள்வி நம் மாவட்டங்களில் வேறு இடங்களைவிடக் கனமானது. வயல் மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா மெலியோய்டோசிஸ் என்ற கொடிய நோயைத் தரும். இலங்கையில் அது இருக்கிறது, கிழக்கிலும் நோயாளர் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். அது போசணை ஏகாரில் எளிதாக வளரும். நம் அறை வெப்பநிலையே அதற்குப் போதும். “உங்கள் வயலில் இருந்து ஒரு பிடி மண் கொண்டுவாருங்கள்” என்று வகுப்பில் சொல்வது நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் வயல் மண், குளத்துச் சேறு, வாவி நீர், வடிகான் நீர் எதையும் கிண்ணத்தில் இட வேண்டாம். தொண்டை, மூக்கு, காயம், மலசலகூடம், பச்சைக் கோழியிறைச்சி ஆகியவையும் வேண்டாம். வலயம் தன் செய்முறை அறிவுறுத்தல்களில் இதை எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறோம்.

இடக்கூடியவை உண்டு. கடையில் வாங்கும் ஈஸ்ட், அப்ப மா, பாணில் வந்த பங்கசு ஆகியவை உருளைக்கிழங்கு ஏகாரில் அழகாக வளரும். வகுப்பறையில் 15 நிமிடம் திறந்து வைத்த கிண்ணமும், கழுவாத விரலையும் கழுவிய விரலையும் தொட்ட கிண்ணமும், மூடியபடியே பார்ப்பதானால் சரி. மட்டக்களப்புத் தயிரைப் போசணை ஏகாரில் இட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். தயிரின் பற்றீரியாக்களுக்கு அந்த உணவு போதாது. தயிரைக் கண்ணாடி வழுக்கியில் பூசிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பதே அந்தப் பாடத்துக்கு நல்லது.

வளர்க்கும் அறையை 37 பாகைக்குச் சூடாக்க வேண்டாம். அது மனித உடலின் வெப்பநிலை, மனிதனில் வாழும் கிருமிக்குப் பிடித்த இடம். நம் அறையின் 28 முதல் 30 பாகையே போதும், நிழலான அலுமாரியில் 24 முதல் 48 மணித்தியாலம். அடைகாக்கும் பெட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு நல்ல குக்கரும் இரண்டு வெப்பமானியும் வாங்குங்கள். வளரும்போது மூடியைச் செலோரேப்பால் நான்கு இடத்தில் மட்டும் ஒட்டுங்கள், முழுச் சுற்றும் ஒட்டினால் ஒட்சிசன் இல்லாமல் வேறு வகைக் கிருமிகளுக்கு வழி திறக்கும். வளர்ந்த பின் முழுச் சுற்றும் ஒட்டிவிட்டே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது.

பார்த்து முடிந்த கிண்ணங்களைப் பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏற்றாதீர்கள். வெப்பம் தாங்கும் பையில் போட்டுக் குக்கரில் 30 நிமிடம் வைத்த பிறகே குப்பை. பிளாஸ்டிக் கிண்ணம் உருகிக் கட்டியாகும், அது பரவாயில்லை. குக்கர் இல்லையென்றால் வீட்டுப் பிளீச் திரவம் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு, அன்றே கலந்ததில் ஓரிரவு முழுதாக அமிழ்த்தி வைக்க வேண்டும். பிளீச்சில் ஊறியதைக் குக்கரில் போடவே கூடாது, குளோரீன் வாயு வரும். மிஞ்சிய உருகிய ஏகாரைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைக்கும். உறையவிட்டு வழித்து எறியுங்கள். ஆய்வுகூடக் குக்கர் திரும்பச் சமையலறைக்குப் போகாமல் அதன் மூடியிலேயே அழியாத மையால் எழுதி வையுங்கள்.

கடைசியாக, எங்கள் வேண்டுகோள். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய வலயங்கள் ஒவ்வொன்றிலும் ஓட்டோகிளேவும் தராசும் சரியாக இயங்கும் ஒரு பாடசாலையைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே ஊடகத்தைக் காய்ச்சி, 100 மில்லிலீற்றர் திருகுமூடிக் கண்ணாடிப் போத்தல்களில் கிருமியழித்து, உறைந்த நிலையில் மற்றப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம். ஒரு போத்தல் ஐந்து கிண்ணத்துக்கு. ஒரு வகுப்புக்கு ஐந்து போத்தல். இறுக மூடிய போத்தல் இருட்டான அலுமாரியில் சில மாதம் கெடாமல் இருக்கும். பெறும் பாடசாலைக்கு வேண்டியதெல்லாம் ஒரு பானை கொதிநீர்: மூடியைத் தளர்த்தி, போத்தலைக் குளிர்ந்த நீரிலேயே வைத்துச் சூடாக்கி, கொதி வந்து இருபது நிமிடத்தில் உருகிவிடும். ஒரு முறைக்கு மேல் உருக்கக் கூடாது. ஒவ்வொரு உருக்கலிலும் ஏகார் தளர்ந்து கறுக்கும். தராசில்லாத, ஆய்வுகூட உதவியாளர் இல்லாத படுவான்கரைப் பாடசாலைகளுக்கும் இப்படிப் போத்தல் போய்ச் சேரும். ஒவ்வொன்றிலும் ஊடகத்தின் பெயர், காய்ச்சிய திகதி, “உண்ணக் கூடாது” ஆகிய மூன்றும் ஒட்டியிருக்கட்டும். வெறும் போத்தலைக் கழுவித் திருப்பித் தந்தவர்களுக்கே அடுத்த தொகுதி என்று வைத்துக்கொண்டால் போத்தல் தட்டுப்பாடு வராது.

பாடசாலைக்குக் கற்றல் பொருள் வாங்கத் தரும் தர உள்ளீட்டு நிதிக்கான அடுத்த பட்டியல் எழுதப்படும் முன் இதைக் கலந்து பேச அழைத்தால், எங்கள் தராசோடும் ஏகார்ப் போத்தலோடும் வருவோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலை ஆய்வுகூடங்களில் பணியாற்றும் விஞ்ஞான ஆசிரியர்களும் ஆய்வுகூட உதவியாளர்களும் சிலர்